கறவை மாட்டின் பெருவயிற்றுக்கு என்ன சேர்க்கலாம், எவ்வளவு, எப்போது நிறுத்தலாம்

தீவனக் கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கப் பொட்டலமும் டப்பாவுமாக அடுக்கியிருக்கிறது. ஈஸ்ட், பஃபர் (புளிப்பை அடக்கும் பொடி), புரோபயாடிக் (நல்ல கிருமிப் பொடி), டாக்சின் பைண்டர், பைபாஸ் கொழுப்பு, மூலிகைப் பொடி, இப்போது புதிதாக மீத்தேன் குறைக்கும் பொடி. எல்லாவற்றின் மேலும் மடி பெருத்த ஒரு மாட்டுப் படம். இவற்றில் பல நல்ல பொருள்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மாட்டுக்கு, எந்தக் குறைக்கு, எத்தனை கிராம் என்று தெரியாமல் அள்ளிப் போட்டால் காசு போகும், சில சமயம் மாடே போகும். அதனால் என் கொட்டகையில் நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். கணக்கெல்லாம் 400 கிலோ எடையுள்ள, நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பின ஜெர்சி மாட்டுக்கு. அப்படி ஒரு மாடு ஈரத்தைக் கழித்து உலர் எடையில் நாளுக்குச் சுமார் 11 கிலோ தின்னும், அந்த 11 கிலோவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

உள்ளே நடப்பது

மாடு தின்னும் வைக்கோலை மாடு நேரடியாகச் செரிப்பதில்லை. முதல் வயிற்றில் (புத்தகத்தில் அசையூண் இரைப்பை என்பார்கள், நான் பெருவயிறு என்றே எழுதுகிறேன்) இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று புளிக்க வைக்கின்றன. இட்லி மாவு புளிப்பது போலத்தான், ஆனால் இராப்பகலாக நிற்காமல், 39 டிகிரிச் சூட்டில், காற்றே இல்லாமல். அந்த வயிற்று நீரில் ஒரு மில்லிக்குள் பாக்டீரியா மட்டும் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும். கூடவே புரோட்டோசோவா, பூஞ்சை, அப்புறம் ஆர்க்கியா என்னும் மீத்தேன் உயிரிகள்.

புளிப்பதில் முக்கியமாக மூன்று அமிலங்கள் வருகின்றன: அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக். வைக்கோல், தட்டு, புல் இவற்றிலிருந்து அசிட்டிக் கூடுதலாக வரும், பாலில் இருக்கும் கொழுப்புக்கு அதுதான் மூலப்பொருள். மாவும் தானியமும் ஏறினால் புரோப்பியானிக் ஏறும், அதை ஈரல் சர்க்கரையாக்கும், அந்தச் சர்க்கரையிலிருந்து மடி லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் செய்யும், பால் எத்தனை லிட்டர் என்பதைப் பெரும்பாலும் லாக்டோஸ்தான் முடிவு செய்கிறது. தவிடும் மாவும் கூட்டியவுடன் பால் ஏறி, பால் சொசைட்டிச் சீட்டில் கொழுப்பு இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதன் கதை இதுதான்.

இனி மீத்தேன். அசிட்டிக் உண்டாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது, புரோப்பியானிக் உண்டாகும்போது ஹைட்ரஜன் செலவாகிறது. மிஞ்சியதை மீத்தேன் உயிரிகள் எடுத்து, கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக மாற்றி விடுகின்றன, மாடு அதை ஏப்பமாக விடுகிறது. ஆமாம், ஏப்பம்தான். மாட்டின் மீத்தேனில் பெரும்பகுதி வாய் வழியாகத்தான் போகிறது, பின்பக்கமாகப் போவது கொஞ்சம்தான்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீத்தேன் உயிரிகள் சும்மா ஒண்டிக் குடியிருப்பவை இல்லை, மிஞ்சும் ஹைட்ரஜனை அள்ளி வெளியேற்றும் வேலையை அவை செய்கின்றன. அவற்றைத் திடீரென்று முடக்கிவிட்டு ஹைட்ரஜனுக்கு வேறு வழி வைக்காவிட்டால் அது தேங்கும், தேங்கினால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாவின் வேலை மந்தமாகும், மாடு தீனி குறைக்கும். மீத்தேன் குறைந்தது என்று யார் சொன்னாலும், தீனி குறைந்ததா, நார் செரிமானம் குறைந்ததா என்று நான் அடுத்த கேள்வி கேட்பது இதனால்தான். பட்டினி போட்டாலும் மீத்தேன் குறையும்.

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2006 வழிகாட்டியில் இந்தியப் பகுதிக் கறவை மாட்டுக்கு வருடத்துக்கு 58 கிலோ மீத்தேன் என்று வைத்திருக்கிறது. நாளுக்கு 160 கிராம். அதில் இருக்கும் எரிசக்தி ஏறக்குறைய அரைக் கிலோ தீவனத்தில் இருக்கும் எரிசக்திக்குச் சமம். தினமும் ஒரு மாட்டுக்கு அரைக் கிலோ தீவனம் ஏப்பமாகப் போகிறது என்றால் யாருக்கும் வயிறு எரியும்தான். ஆனால் மீத்தேனைக் குறைத்தால் அந்த அரைக் கிலோ அப்படியே பாலாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பி எதையும் வாங்காதீர்கள். நன்றாக நடந்த சோதனைகளிலேயே மீத்தேன் முப்பது சதவீதம் குறைந்தும் பால் அப்படியே இருந்திருக்கிறது.

பொட்டலம் வாங்குவதற்கு முன் பத்து நாள்

முதல் வேலை பார்ப்பது. பத்து நாள் ஒன்றையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

மதியம் மாடுகள் படுத்திருக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். தின்று முடித்துப் படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளம் மேலே வந்ததிலிருந்து விழுங்கும் வரை எத்தனை மெல்லு என்று எண்ணுங்கள். ஐம்பது, அறுபது வந்தால் நல்லது. நாற்பதுக்குக் கீழே இருந்தால் தீவனத்தில் நீள நார் போதவில்லை.

இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் கையை மூடி அழுத்தி வையுங்கள். பெருவயிறு சுருண்டு உங்கள் கையை மெதுவாகத் தள்ளும். இரண்டு நிமிடத்தில் இரண்டு, மூன்று தடவையாவது தள்ள வேண்டும்.

சாணத்தைப் பாருங்கள். நடுவில் சின்னக் குழியோடு அடை போல வட்டமாக விழுந்தால் சரி. தண்ணீராகத் தெறித்து, நுரையும் பளபளப்புமாக, புளித்த வாடை வந்தால் உள்ளே அமிலம். ஒரு கைப்பிடி சாணத்தைப் பழைய மாவுச் சல்லடையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மக்காச்சோளத் துண்டும் அரிசிக் குருணையும் மிஞ்சி நின்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மாவு செரிக்காமலே வெளியே போகிறது. இந்தச் சல்லடைச் சோதனை எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுக்கு எந்தப் பொட்டலமும் கற்றுக்கொடுக்கவில்லை.

சொசைட்டிச் சீட்டு கடைசிச் சாட்சி. கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

மாட்டின் எச்சில்தான் முதல் மருந்து

மாடு அசைபோடும்போது எச்சில் ஊறுகிறது. பெரிய மாடு நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஊற வைக்கும், அதில் இயற்கையாகவே இருக்கும் சோடா ஒரு கிலோவைத் தாண்டும். நாம் கடையில் வாங்கிப் போடுவது நூறு கிராம். எது பெரிது என்று பாருங்கள். நீள நார் இருந்தால்தான் அசை, அசை இருந்தால்தான் எச்சில். தட்டை வெட்டும் இயந்திரத்தில் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டால் வீணாகாது என்பது உண்மை, ஆனால் அரை அங்குலத்துக்குக் கீழே போனால் மாடு மெல்லாமல் விழுங்கும். ஒன்று, இரண்டு அங்குல நீளம் போதும்.

கலப்புத் தீவனக் கணக்கும் இதோடு சேர்ந்தது. உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அப்புறம் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம். பத்து லிட்டர் மாட்டுக்கு ஐந்தரைக் கிலோ. இதை ஒரே வேளையில் வாளியில் கரைத்து வைத்தால் அரை மணி நேரத்தில் மாவு முழுக்க உள்ளே போய்ப் புளிப்பு எகிறும். மூன்று வேளையாகப் பிரித்து, வைக்கோலோ தட்டோ கொஞ்சம் தின்ற பிறகு கொடுங்கள். காசில்லாத மாற்றம் இது. இதை மட்டும் செய்தே இரண்டு வாரத்தில் கொழுப்பு ஏறிய வீடுகளை எனக்குத் தெரியும்.

வைக்கோல்தான் பிரதானம் என்றால் யூரியா ஊட்டமும் பார்க்கலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியா, ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள். எடுத்து அரை மணி நேரம் ஆற விட்டுப் போடுங்கள், அம்மோனியா நெடி போகட்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டவே வேண்டாம். யூரியாவை வாளித் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பது இது இல்லை, அது விஷம்.

அமிலம், ஆப்பச் சோடா, ஈஸ்ட்

எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்குத் தூக்கம் இருக்காது. எனக்கும் ஒரு வருடம் நடந்தது. மாட்டுக்குப் பொங்கல் ஊட்டினோம், வந்த உறவுக்காரர்களும் ஆளுக்கொரு உருண்டை ஊட்டினார்கள், மிஞ்சிய பானையைப் பிள்ளைகள் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். ராத்திரி அசை நின்றது. விடியும்போது இடது பள்ளத்தை அழுத்தினால் தண்ணீர் நிரம்பிய தோல்பை போலக் குலுங்கியது, சாணம் சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போனது, உள்ளே அரிசி முழுசாகத் தெரிந்தது, மாடு நிற்க முடியாமல் தள்ளாடியது. மருத்துவர் வந்து குளுக்கோஸ் பாட்டிலும் ஊசியும் போட்டுப் பிழைத்தது. ஆனால் இரண்டு மாதம் கழித்துக் குளம்பு வீங்கி நொண்டியது, அதுவும் அந்த ராத்திரியின் மிச்சம்தான்.

உள்ளே நடந்தது என்னவென்றால், சோறும் மாவும் எளிதில் கரையும் மாவுச்சத்து, அது நிறையக் கிடைத்தவுடன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. சாதாரணமாக ஆறு, ஆறரையில் இருக்கும் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், இறங்கினால் புளிப்புக் கூடும்) ஐந்துக்குக் கீழே போய்விடும். நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் செத்துப் போகின்றன, சாகும்போது அவற்றின் உடலிலிருந்து வெளிவரும் நச்சு இரத்தத்தில் கலக்கிறது, வயிற்றின் உள்தோல் புண்ணாகி அதன் வழியாக ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைக்கிறது. கல்யாண வீட்டு மிச்சச் சோறு, ஓட்டல் கழனி, மாவு மில் சிதறல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சோறு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு உருண்டையோடு நிறுத்துங்கள்.

இவ்வளவு பெரிதாக வெடிக்காமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்திருக்கும் மாடுகள்தான் அதிகம். பாலில் கொழுப்பு மூன்றரைச் சதவீதத்துக்குக் கீழே, சாணம் ஒரு நாள் கெட்டி மறுநாள் தண்ணி, ஒரு நாள் நன்றாகத் தின்னும் மறுநாள் முகர்ந்து விட்டுப் போகும். இங்கேதான் ஆப்பச் சோடாவுக்கு வேலை. உலர் தீவனத்தில் முக்கால் சதவீதம் என்பது அளவு, நம் 11 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 80 கிராம் சுமார். முதல் மூன்று நாள் 30 கிராம், அடுத்த மூன்று நாள் 50, பிறகு 80, அதுவும் இரண்டு வேளையாக, மாவோடு நன்றாகப் பிசிறி. குடிதண்ணீரில் கரைக்காதீர்கள், தண்ணீர் குடிப்பது குறையும். பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கன்று ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் சோடாவை நிறுத்திவிடுங்கள், அந்தச் சமயம் சோடா கொடுத்தால் ஈன்ற பிறகு பால் காய்ச்சல் (இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி மாடு எழ முடியாமல் படுத்துவிடும் நோய்) வரும் வாய்ப்புக் கூடும்.

ஈஸ்ட் வேறு விதமாக வேலை செய்கிறது. தீனியோடு உள்ளே போகும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்கிறது, அதனால் நார் தின்னும் பாக்டீரியாவும், லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் மெகாஸ்ஃபெரா போன்றவையும் தெம்பாகின்றன. வெயில் காலத்தில் மாடு தீனி குறைக்கும்போது நான் கொடுப்பது ஈஸ்ட்தான். உயிருள்ள ஈஸ்ட்டா என்று பொட்டலத்தில் பாருங்கள், கிராமுக்கு எத்தனை கோடி உயிரணு என்று போட்டிருக்க வேண்டும், போடாததை வாங்க வேண்டாம். வெந்நீரில் கரைத்தாலோ, தகரக் கூரைக்கு அடியில் மே மாதம் வைத்தாலோ செத்துவிடும், அப்புறம் கொடுப்பது வெறும் மாவு. பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். மீத்தேன் குறைக்கும் என்று ஈஸ்ட் விற்றால் அந்தப் பேச்சை ஒதுக்கிவிடுங்கள், அதில் அதன் பலன் சிறியது, நிலையாகவும் இல்லை.

மீத்தேனைக் குறைக்க நம் கையில் இருப்பது

துவர்ப்பு. டானின் என்று சொல்லும் துவர்ப்புச் சத்து மீத்தேன் உயிரிகளையும் புரோட்டோசோவாவையும் மட்டுப்படுத்துகிறது, கூடவே தீவனப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு பெருவயிற்றில் அம்மோனியாவாகக் கரைந்து போகாமல் அடுத்த வயிற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய், ஆனால் அளவோடு. உலர் தீவனத்தில் இரண்டிலிருந்து நான்கு சதவீத டானின் வரை நல்லது, ஐந்தைத் தாண்டினால் தீனி குறையும், சாணம் இறுகும், நார் செரிக்காது.

பெங்களூருவில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இந்த வழியில் நிறைய உழைத்திருக்கிறது. நாம் கீழே கொட்டும் புளியங்கொட்டைத் தோலிலிருந்து ஒரு சேர்க்கையும், பிறகு டானின் மிகுந்த தாவரங்களை வைத்து ஹரித் தாரா என்ற சேர்க்கையும் செய்தார்கள். ஹரித் தாரா மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாகவும், பெருவயிறு வேலை செய்யத் தொடங்கிய, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கால்நடைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டுப் புளியங்கொட்டைத் தோலை மில்லில் அரைத்துக் கைக்கு வந்தபடி போட வேண்டாம். அதில் டானின் மிக அதிகம், ஒரு பிடி கூடினாலும் மாடு தொட்டியை விட்டு நகர்ந்துவிடும்.

வீட்டு அளவில் எனக்குப் பிடித்த வழி வேலிமசாலும் சவுண்டலும். சவுண்டல் என்றால் சுபாபுல், இரண்டும் பயறு வகைத் தீவனச் செடிகள். வரப்போரமாக நட்டுவிட்டால் வருடக்கணக்கில் வெட்டலாம், புரதமும் நிறைய, டானினும் இதமான அளவில். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள், மீதி கோ-4 என்னும் தீவனப் புல்லோ சோளமோ. சவுண்டலில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, அதிகமானால் முடி கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். இதில் ஓர் அருமையான விஷயம்: ஹவாய்த் தீவு ஆடுகள் சவுண்டலைத் தின்றும் நன்றாக இருப்பதைக் கவனித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் வயிற்றில் மைமோசின் நச்சைச் சிதைக்கும் பாக்டீரியா இருப்பதைக் கண்டார், 1980களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயும் நச்சு நின்றது. பிறகு அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்று வைத்தார்கள். பொருத்தமான நுண்ணுயிர் வந்து சேர்ந்தால் வயிறு கற்றுக்கொள்ளும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

அடுத்தது எண்ணெய்ச் சத்து. தீவனத்தில் கொழுப்பு ஒரு சதவீதம் ஏறினால் மீத்தேன் சுமார் 3 முதல் 5 சதவீதம் இறங்குகிறது. தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் இதில் கெட்டி, மீத்தேன் உயிரிகள் ஒட்டி வாழும் புரோட்டோசோவாவை அது தாக்குகிறது. ஆனால் மொத்தத் தீவனத்தில் கொழுப்பு ஆறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எண்ணெய் நாரின் மேல் படலமாகப் படிந்து பாக்டீரியாவை ஒட்ட விடாது. சாதாரணத் தீவனத்திலேயே மூன்று சதவீதம் இருக்கும், ஆக நம் மாட்டுக்கு மிச்ச இடம் 300 கிராம் சுமார். எண்ணெயாக ஊற்றாமல் விதையாகவும் புண்ணாக்காகவும் கொடுங்கள். நம் தாத்தா காலத்திலிருந்து ஊற வைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டிக் கொடுத்த பருத்திக்கொட்டை ஒரு கிலோவில் 200 கிராம் எண்ணெய்க்குப் பக்கமாக இருக்கிறது. ஒரு கிலோ பருத்திக்கொட்டை, அரைக் கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பருத்திக்கொட்டையை இளங்கன்றுக்குக் கொடுக்காதீர்கள். பைபாஸ் கொழுப்பு என்று விற்பது பெருவயிற்றில் கரையாமல் தாண்டிப் போவதற்காகவே செய்தது, அதனால் மாட்டுக்குச் சக்தி கிடைக்கும், மீத்தேன் பெரிதாகக் குறையாது.

பூண்டு, கிராம்பு, பூந்திக்கொட்டை வகைப் பொடிகள் ஆய்வுக்கூடக் குடுவையில் பிரமாதமாக வேலை செய்கின்றன. மாட்டுக்குள் போனால் சில வாரத்தில் நுண்ணுயிர்கள் பழகிவிடுகின்றன, பலன் தேய்கிறது. பூண்டு கொடுத்தால் பாலில் வாடையும் வரும். கொடுப்பதென்றால் கறந்த பிறகு.

வெளிநாட்டுச் செய்திகளில் வரும் இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் அதிகம். ஒன்று போவேர் என்ற பெயரில் வரும் 3-நைட்ராக்ஸிபுரோப்பனால். மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் இருக்கும் நொதியை அது அடைத்து விடுகிறது, கறவை மாட்டில் சராசரியாக முப்பது சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் அமெரிக்கா 2024 மே மாதத்திலும் அனுமதித்தன. சில மணி நேரத்தில் வயிற்றில் கரைந்துவிடுவதால் ஒவ்வொரு வாய்த் தீனியிலும் சமமாகக் கலந்திருக்க வேண்டும், நார் அதிகமுள்ள தீவனத்தில் பலன் குறையும். எல்லாத் தீனியையும் இயந்திரத்தில் ஒன்றாகக் கலந்து போடும் பண்ணைக்குப் பொருந்தும், வைக்கோல் போட்டு, மேய விட்டு, வாளியில் தீவனம் வைக்கும் நம் வீட்டுக்கு இப்போதைக்குப் பொருந்தாது. இன்னொன்று அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி. அதில் இருக்கும் புரோமோஃபார்ம்தான் வேலை செய்கிறது. ராமேசுவரம் அருகே மண்டபம் பக்கம் வளர்க்கும் கப்பாபைகஸ் வேறு பாசி, அது கராஜீனன் என்னும் உணவைக் கெட்டியாக்கும் பொருளை எடுப்பதற்காக வளர்ப்பது. கடற்பாசித் தூள், மீத்தேன் குறையும் என்று யாராவது கொண்டுவந்தால் எந்தப் பாசி என்று முதலில் கேளுங்கள்.

கெட்ட கிருமிகளும் பூஞ்சணமும்

மோனென்சின் என்ற மருந்தைத் தீவனச் சேர்க்கையாக அமெரிக்காவில் மாடுகளுக்கு 1970களிலிருந்தே கொடுக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்றவற்றை அடக்கும், புரோப்பியானிக்கைக் கூட்டும், மீத்தேனையும் கொஞ்சம் குறைக்கும். வேலை செய்கிற பொருள்தான். ஆனால் இது ஆன்டிபயாடிக் வகை, ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதை 2006 தொடக்கத்திலிருந்து நிறுத்திவிட்டது. மாட்டுக்கே அளவு தப்பினால் இதயத்தைத் தாக்கும், குதிரை, கழுதைக்கு மிகக் கொஞ்சமே போதும் உயிர் போக. எடை போடத் தராசு இல்லாமல், மருத்துவர் எழுதித் தராமல் தொடவே தொடாதீர்கள், வாங்கும் பொட்டலத்தில் அந்தப் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் தூவுவது இன்னும் மோசம், பாலில் வரும், கிருமியும் மருந்துக்கு அடங்காமல் போகும். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்ததற்குக் காரணமும் இதுதான், மனிதருக்குக் கடைசிக் கையாக வைத்திருக்கும் மருந்து அது.

கன்றுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலுக்கு ஈ.கோலை, சால்மொனெல்லா எல்லாம் காரணம். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குள். இதைச் செய்யாமல் புரோபயாடிக் கொடுத்துப் பலனில்லை. சீம்பால் சரியாகக் குடித்த கன்றுக்கு லாக்டோபாசில்லஸ் பொடி உதவியாக இருக்கும், அவ்வளவுதான்.

புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாதீர்கள், பலகை மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி. மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மஞ்சளாகத் தூள் தெரியும், அது அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம், அதன் நச்சு அஃப்ளடாக்சின். மாடு தின்ற அன்றே பாலுக்கு வந்துவிடும். பாலில் கிலோவுக்கு அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. டாக்சின் பைண்டர் என்னும் களிமண் பொடி ஒரு பங்கைப் பிடித்து வைக்கும், அதனால் பூஞ்சணம் பிடித்ததை அதோடு கலந்து கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. பூஞ்சணம் தெரிந்தால் உரக்குழிக்குப் போடுங்கள், மனசு வராதுதான், ஆனாலும் போடுங்கள்.

பலன் உண்டா என்று பார்ப்பது எப்படி

ஒரு நேரத்தில் ஒரு சேர்க்கை. சோடாவும் ஈஸ்ட்டும் மூலிகைப் பொடியும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆறு மாடு இருந்தால் ஈன்ற மாதம் ஒத்துவருகிற மாதிரி மூன்றுக்குக் கொடுங்கள், மூன்றுக்குக் கொடுக்காதீர்கள். சமையலறைத் தராசில் நிறுத்துச் சின்ன டப்பாவில் அளவுக் கோடு போட்டு வைத்துவிட்டால் வீட்டில் யார் தீவனம் வைத்தாலும் அளவு மாறாது. மூன்று, நான்கு வாரம் ஆனதும் அதே நோட்டு: மெல்லு எண்ணிக்கை, சல்லடை, சீட்டு.

மீத்தேனை நாம் அளக்க முடியாது. அதற்கு மாட்டை அடைத்துவைத்து அளக்கும் அறையோ வேறு ஆய்வுக் கருவியோ வேண்டும். நம்மால் முடிவது ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு தீவனம் என்று பார்ப்பது. 2019 கணக்கெடுப்பில் நாடு முழுக்க மாடும் எருமையுமாக முப்பது கோடி. அவற்றில் பசுவும் பெண் எருமையும் ஒவ்வொன்றும் ஒரு வருடம் முன்கூட்டியே சினை பிடித்து, ஒரு ஈற்றில் 200 லிட்டர் கூடுதலாகக் கறந்தாலே ஒரு லிட்டருக்கான மீத்தேன் இறங்கிவிடும், அதற்குத் தாதுஉப்பும் நல்ல பசுந்தீவனமும் போதும் என்பதுதான் என் எண்ணம்.

பலன் தெரிந்த பிறகு ஒரு தடவை நிறுத்தியும் பாருங்கள், சட்டென்று நிறுத்தாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக. என்னுடைய மூன்றாவது மாட்டுக்குச் சோடாவை நிறுத்தியபோது கொழுப்பு 3.9லேயே நின்றது. பார்த்தால், இடையில் தீவனத்தை மூன்று வேளையாகப் பிரித்திருந்தோம், அதுவே போதுமாக இருந்திருக்கிறது. பக்கத்துத் தொட்டி மாட்டுக்கு நிறுத்திய ஐந்தாம் நாள் சீட்டில் 3.4. அதற்கு இன்றும் 80 கிராம் போகிறது.